மறைசாட்சியா, மறைச்சாட்சியா?

பிப்ரவரி 4 அன்று நம் கோவில்களில் சாமியார் சிவப்பு உடையில் பலிபீடத்துக்கு வருவார். அன்றன்றைக்கு நற்செய்தியையும் புனிதர் வரலாற்றையும் சேர்த்துச் சிந்திக்கிற வழக்கம் உள்ள வீடுகளில், 'புனித அருளானந்தர், மறைசாட்சி' என்ற வரி காதில் விழும். மறைசாட்சி என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில், "வேதத்துக்காக உயிரை விட்டவர்". தப்பில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் சாவே இல்லை.

கிரேக்கத்தில் இதற்கு மூலமான சொல் 'மார்த்துஸ்'. வழக்கு மன்றத்தில் நின்று, கண்டதைக் கண்டபடி சொல்கிறவர் என்பதே அதன் பொருள். "எனக்குச் சாட்சிகளாய் இருப்பீர்கள்" என்று திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்தில் இயேசு சீடர்களிடம் சொல்லும் இடத்தில் இருப்பதும் இந்தச் சொல்தான். சொன்னதை மாற்றிச் சொல்ல மறுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்பட, சாட்சி என்ற சொல்லிலேயே இரத்தமும் சேர்ந்துகொண்டது. அதே நூலின் 22ஆம் அதிகாரத்தில் ஸ்தேவானை ஆண்டவரின் சாட்சி என்று பவுல் குறிப்பிடும்போது, பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே சொல்லில் நிற்கின்றன.

நம் 'சாட்சி' வடமொழியிலிருந்து வந்தது. 'அக்ஷி' என்றால் கண். கண்ணோடு கூட நின்றவர், கண்ணால் கண்டவர், அவரே சாட்சி. தமிழில் இதற்குப் பழைய சொல் 'கரி'. "இந்திரனே சாலுங் கரி" என்று திருக்குறள் முடிவது அடுப்புக்கரியை அல்ல, சாட்சியைத்தான் சொல்கிறது. இன்றைக்குக் 'கரி' என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. 'சான்று' அப்படியல்ல, உயிரோடு இருக்கிறது. பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் யோவான் நற்செய்தி முழுக்கச் 'சான்று பகர்தல்' வருகிறது.

நம் தாத்தா பாட்டி காலத்துச் சொல் 'வேதசாட்சி'. அப்போது வேதம் என்றால் மதம். கிறிஸ்தவர்களை 'வேதக்காரர்' என்றும் கோவிலை 'வேதக்கோவில்' என்றும் மற்றவர்கள் இன்றும் சொல்வதுண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வழிபாடு தமிழுக்கு வந்தபோது, பூசை திருப்பலி ஆனது, ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனது, வேதம் 'மறை' ஆனது. அப்படிப் பிறந்ததுதான் மறைசாட்சி. சீர்திருத்தச் சபையார் 'இரத்தசாட்சி' என்கிறார்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. மறைக்கல்வி, மறைப்பணி என்று ஒற்று மிகுத்து எழுதுகிற நாம் இதில் மட்டும் 'ச்' போடுவதில்லை. மறைக்குச் சாட்சி என்று விரிவதால் 'மறைச்சாட்சி' என்பதுதான் சரி. ஒற்று இல்லாவிட்டால் சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகையாகவும் படிக்கலாம். அப்போது 'மறைக்கிற சாட்சி' என்று ஆகிவிடும். கண்டதை மறைக்காததற்காகவே தலை கொடுத்தவருக்கு அந்தப் பெயரா? அதனால் நான் ஒற்றோடுதான் எழுதுகிறேன். தூய தமிழே வேண்டும் என்பவர்கள் 'மறைச்சான்றாளர்' என்று எழுதலாம், பொருள் கெடாது. 'தியாகி' மட்டும் வேண்டாம். தியாகி எதை இழந்தார் என்று சொல்கிற சொல் அது. சாட்சியோ எதைக் கண்டார் என்று சொல்கிற சொல்.

அருளானந்தரையே பாருங்கள். 1647இல் லிஸ்பனில் பிறந்த ஜான் டி பிரிட்டோ அவர். 1686இல் மறவர் நாட்டில், அதாவது இராமநாதபுரச் சீமையில், பிடிபட்டு வதைபட்டார். இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற கட்டளையோடு விடுவிக்கப்பட்டார். போர்ச்சுகலுக்குப் போனவர் அங்கேயே இருந்திருக்கலாம். 1690இல் திரும்பி வந்தார். மறவர் அரச குடும்பத்துத் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியோடு மட்டும் வாழ முடிவு செய்தபோது, விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் அந்நாட்டு மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். அவர் மன்னரிடம் முறையிட்டார். 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1947இல் புனிதர் பட்டம் கிடைத்தது. அங்கேயுள்ள செம்மண்ணை மக்கள் இன்றும் எடுத்துப் போகிறார்கள். நீதிமன்றத்தில் சொன்னதை மாற்றுகிறவரைப் 'பிறழ்சாட்சி' என்கிறோமே, அதன் நேர் எதிர்ப்பதம் இந்த மனிதர்.

இவருக்கு 144 ஆண்டு முன்பே, 1549இல், மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளையில் அந்தோணி கிரிமினாலி என்ற இத்தாலியக் குரு ஈட்டிக்கு இரையானார். போர்ச்சுக்கீசியருக்கும் விஜயநகர வடுகப் படைக்கும் நடந்த மோதலில், பெண்களையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றிவிட்டு, தான் ஏறாமல் கரையில் நின்றவர். இயேசு சபையில் இரத்தம் சிந்திய முதல் ஆள் இவர். மறையின் மேலுள்ள பகையால் கொல்லப்பட்டாரா, போரில் அகப்பட்டாரா என்ற கேள்வி இவர் விஷயத்தில் எழும், ஏனென்றால் மறைச்சாட்சி என்று அறிவிக்கத் திருச்சபை முதலில் பார்ப்பது அந்தப் பகையைத்தான். ஆனாலும் சொல்லின் பழைய பொருளை வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் இல்லை. மந்தையை விட்டு ஓடாத ஆயனைப் பற்றி நற்செய்தி சொல்வதை, அன்றைக்குக் கரையில் அவர் செய்து காட்டினார்.

அப்புறம், இதே கடற்கரையில் ஏர்வாடி இருக்கிறது. அங்கே அடங்கியிருக்கும் இப்ராஹிம் பாதுஷாவின் பெயரோடு 'ஷஹீத்' என்று வரும். அந்த அரபுச் சொல்லுக்கும் வேர்ப்பொருள் சாட்சிதான். ஓரியூருக்குப் போகிற வேதக்காரரும் ஏர்வாடிக்குப் போகிற முஸ்லிமும், வேறு வேறு மொழி வழியாக வந்த ஒரே சொல்லைத்தான் வாயில் வைத்திருக்கிறார்கள்.