வாசிக்கும் செயலி எங்கே தடுக்கி விழுகிறது?

பார்வையற்ற புத்தகப் பிரியர் ஒருவரிடம், எழுத்தை வாசித்துக் காட்டும் செயலிகளில் என்ன குறை என்று கேட்டுப் பாருங்கள். குரல் நன்றாக இல்லை என்ற பதில் அநேகமாக முதலில் வராது. அடிக்குறிப்பைக் கதைக்கு நடுவில் வாசிக்கிறது, ஒரு பத்தியையே காணோம், விட்ட இடம் தொலைந்துவிட்டது, வேகத்தைக் கூட்டினால் குழறுகிறது என்கிற ரகமாகத்தான் புகார்கள் இருக்கும். செயலி செய்பவர்களோ ஆண்டுதோறும் இன்னும் இனிமையான குரலாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். இந்த முரண் எங்கிருந்து வருகிறது என்று தெரிய, எழுத்து பேச்சாக மாறும் வழியைக் கொஞ்சம் பின்தொடர்ந்து போக வேண்டும்.

அந்த வழியில் குரல் கடைசிக் கட்டம். முதலில் கோப்பிலிருந்து எழுத்துகளைச் சரியான வரிசையில் எடுக்க வேண்டும். அப்புறம் எண்கள், சுருக்கங்கள், குறிகள் எல்லாவற்றையும் சொற்களாக விரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் உச்சரிப்பைத் தீர்மானிக்க வேண்டும். எங்கே நிறுத்துவது, எதை நீட்டுவது, எந்த இடத்தில் குரலை ஏற்றுவது என்று கணிக்க வேண்டும். இவ்வளவும் முடிந்தபிறகே ஒலி பிறக்கிறது. முந்தைய கட்டங்களில் நடந்த எந்தத் தவறையும் ஒலிக் கட்டம் திருத்துவதில்லை. தவறை அழகாக உச்சரித்துவிட்டுப் போகும்.

இந்தச் சங்கிலி புதிதல்ல. 1976இல் கண்டுபிடிப்பாளர் ரே கர்ஸ்வைல் அமெரிக்காவில் வெளியிட்ட வாசிப்பு எந்திரம் அச்சிட்ட பக்கத்தை ஸ்கேன் செய்து, வெவ்வேறு எழுத்துருக்களையும் அடையாளம் கண்டு, உரக்க வாசித்தது. பார்வையற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர் அதை ஆரம்பத்திலேயே வாங்கியவர்களில் ஒருவர். அன்றிலிருந்து இன்றுவரை குரல் அடைந்திருக்கும் வளர்ச்சியோடு ஒப்பிட்டால், மற்ற கட்டங்கள் நொண்டிக்கொண்டுதான் வருகின்றன.

கோப்பிலிருந்து தொடங்குவோம். மின்னூல் என்ற பெயரில் கைக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி பிடிஎஃப். 1993இல் வந்த இந்த வடிவத்தின் நோக்கம், எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதுதான். ஆகவே அதற்குள் இருப்பவை பெரும்பாலும் 'இந்த எழுத்து வடிவத்தைத் தாளில் இந்தப் புள்ளியில் வை' என்கிற கட்டளைகள். எது தலைப்பு, எது பத்தி, எது அடிக்குறிப்பு என்று சொல்ல அதில் வசதி உண்டு, கட்டாயம் இல்லை. நேரம் எடுத்து அதைச் செய்பவர்கள் குறைவு. விளைவு, கதாநாயகி கதவைத் திறக்கப்போகும் வாக்கியத்தின் நடுவே நூலின் பெயரும் 'நூற்று நாற்பத்திரண்டு' என்ற பக்க எண்ணும் வந்து விழும். செய்தித்தாள்போல இரண்டு நெடுவரிசைகளாக அச்சிட்ட பக்கமென்றால் இடது வரிசையின் முதல் வரி, வலது வரிசையின் முதல் வரி என்று மாறி மாறி வாசித்து இரண்டையும் கெடுக்கும். ஸ்கேன் செய்த படமாக இருந்தாலோ பக்கம் காலி என்று சொல்லிவிடும்.

தமிழில் இதற்கு மேலும் சில சிக்கல்கள் உண்டு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு பரவலாகும் முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் ஏராளமான நூல்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். பாமினியில் திரையில் 'தமிழ்' என்று தெரியும் சொல், கோப்புக்குள் ஆங்கில எழுத்துகள் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி. கண் பார்ப்பது எழுத்துருவின் வேடத்தை. செயலி பார்ப்பது உள்ளே இருப்பதை. முழு நாவலையும் அது இப்படி ஆங்கில எழுத்துக் குப்பையாக வாசிக்கும். யூனிகோடில் செய்த பிடிஎஃபும் முழுக்கத் தப்புவதில்லை. 'கெ' என்பதில் கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது, ஆனால் யூனிகோடு வரிசைப்படி ககரத்துக்குப் பின்னால்தான் வர வேண்டும். பிடிஎஃபிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் பல நேரம் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எடுத்துவிடுவதால், கொம்பு முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. 'கேள்வி', 'பெரிய', 'மேலே' எல்லாம் சின்னாபின்னமாகும்.

பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாத பிழைகளும் உண்டு. ஔவையாரின் பெயரை 'ஒ' என்ற எழுத்தையும் 'ள' என்ற எழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டி எழுதுகிறவர்கள் அதிகம். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், மெய்ப்புப் பார்ப்பவரும் தாண்டிப்போவார். செயலி மட்டும் நேர்மையாக 'ஒ-ள-வை' என்று வாசிக்கும். துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுந்த இடங்களிலும் இதே கதை. இந்த வகைப் பிழைகளுக்குச் செயலியைத் திட்டுவது நியாயமில்லை என்பேன். அது எழுதியிருப்பதைத்தான் வாசிக்கிறது.

திட்ட வேண்டிய இடம் மொழி மாறும்போது வருகிறது. தமிழ்க் கட்டுரையில் ஓர் ஆங்கிலச் சொல் ஆங்கில எழுத்திலேயே வந்தால், அந்த எழுத்து தெரியாத தமிழ்க் குரல் அதை ஒன்றும் சொல்லாமல் தாண்டிவிடலாம். தலைகீழாகவும் நடக்கும்: ஆங்கிலக் குரல் தேர்வாகியிருக்கும்போது நடுவில் வரும் தமிழ் மேற்கோள் முழுதும் மௌனமாகக் காணாமல் போகும். இங்கே ஏதோ இருக்கிறது, எனக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றாவது ஒரு பீப் ஒலி எழுப்பலாம். கேட்பவருக்குத் தான் எதையோ இழந்தோம் என்பதே தெரியாமல் போவதுதான் இதில் மோசம்.

அடுத்த கட்டம் எண்களும் சுருக்கங்களும். 'கி.மு.' என்பதில் உள்ள புள்ளியை வாக்கிய முடிவு என்று எடுத்துக்கொண்டு செயலி பெருமூச்சு விடும். அதற்கு மேல், தமிழ் எண்கள் தனியாக வருவதில்லை, வேற்றுமை உருபோடு வரும். '1947-இல்' என்று எழுதியிருப்பதை நாம் யோசிக்காமலே 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில்' என்று படித்துவிடுகிறோம். செயலி எண்ணைத் தனியாக விரித்து, 'நாற்பத்தேழு' என்று நிறுத்தி, 'இல்' என்று தனிச்சொல்லாகச் சொல்கிறது. சிலது நடுவில் இருக்கும் கோட்டையும் சேர்த்துச் சொல்லும். '5-ஆம்' என்பது 'ஐந்து, ஆம்' என்று யாரோ ஆமோதிப்பதுபோல ஒலிக்கும். எண்ணை விரித்தபிறகு புணர்ச்சி விதியையும் பொருத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் இதைத் தமிழுக்கென்று உட்கார்ந்து யாராவது செய்தாக வேண்டும்.

உச்சரிப்பு இன்னும் நுட்பமானது. ஒரே ககரம் சொல்லின் முதலில் ஒருவிதமாகவும் 'ங்'குக்குப் பின் ஒருவிதமாகவும் உயிர்களுக்கு நடுவில் இன்னொரு விதமாகவும் ஒலிக்கும். இதற்கு விதி எழுதிவிடலாம். விதிக்கு அடங்காதவை கடன் சொற்கள். 'பாவம், குழந்தை' என்பதிலும் 'முகத்தில் ஒரு பாவமும் இல்லை' என்பதிலும் எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. பந்த பாசத்தின் பந்தமும் தீப்பந்தமும் அப்படியே. மனிதர் பொருளைப் பார்த்து உச்சரிக்கிறார். செயலிக்கும் சூழலைப் பார்த்துத் தீர்மானிக்கக் கற்றுத்தரலாம், போதிய தமிழ்த் தரவு கொடுத்தால்.

ஏற்ற இறக்கத்தில் தமிழுக்கு ஒரு விசேஷமான சங்கடம் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ஒரு பாத்திரம் பேசியதை முதலில் சொல்லி, அப்புறம்தான் 'என்று கத்தினான்' அல்லது 'என்று முணுமுணுத்தாள்' என்று எழுதுகிறோம். உரக்கப் படிக்கும் மனிதரின் கண் வாயைவிடச் சில சொற்கள் முன்னால் ஓடுவதால் அவர் குரலை முன்கூட்டியே சரிசெய்துகொள்வார். பல செயலிகள் உரையை வாக்கியம் வாக்கியமாக வெட்டித்தான் குரல் பொறிக்கு அனுப்புகின்றன. உரையாடல் கேள்விக்குறியிலோ புள்ளியிலோ முடிந்துவிட்டால் அதோடு வெட்டு விழும். கத்தியது அடுத்த துண்டில்தான் தெரியவரும். ஆகவே கத்தல், கெஞ்சல் இரண்டும் ஒரே இதமான செய்தி வாசிப்புத் தொனியில் வரும்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாரும் நடிப்பை விரும்புவதில்லை. உணர்ச்சியைத் தானே ஊகித்துக்கொள்ள விடும் தட்டையான குரல்தான் படிப்பதற்கு ஏற்றது, நடித்துக் காட்டுவது ஒலிநூலின் வேலை என்று நினைக்கும் பார்வையற்ற வாசகர்கள் இருக்கிறார்கள். கண்ணால் படிப்பவருக்கு அச்செழுத்து நடித்தா காட்டுகிறது? தப்பான இடத்தில் உணர்ச்சி காட்டும் குரலைவிட, எதையும் காட்டாத குரல் எவ்வளவோ மேல்.

வேகத்துக்கு வந்தால் கதை சுவாரஸ்யமாகிறது. ஜெர்மனியின் டூபிங்கன் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, பயிற்சியுள்ள பார்வையற்றவர்களால் நொடிக்கு 22 அசைகள் வரை ஓடும் பேச்சைப் புரிந்துகொள்ள முடிகிறது. பழக்கமில்லாத, பார்வையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 அசைகளோடு எல்லை முடிந்துவிடும். அந்த வேகத்தில் கேட்பவர்களின் மூளையில், பார்வைக்கான பகுதியும் வேலை செய்வது ஸ்கேனில் தெரிந்தது. கண்ணால் ஒருவர் ஆறு மணி நேரத்தில் முடிக்கும் நாவலை இவர் ஏன் பத்து மணி நேரம் கேட்க வேண்டும்? வேகம் இங்கே வசதிக்கான கூடுதல் அம்சம் கிடையாது, அடிப்படைத் தேவை.

மனிதக் குரலைப் போலவே பேசும் புதிய குரல்கள் இந்த இடத்தில்தான் பலவீனமாகின்றன. 2016இல் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் வெளியிட்ட வேவ்நெட் என்ற குரல் அமைப்பு, பேச்சின் ஒலி அலையை நொடிக்கு 16,000 புள்ளிகளாக ஒவ்வொன்றாகக் கணித்து உருவாக்கியது; இன்றைய இயல்பான குரல்களின் காலம் அங்கிருந்து தொடங்கியது. இவை மனிதர்கள் சாதாரண வேகத்தில் பேசிய பதிவுகளிலிருந்து கற்றவை. மூன்று மடங்கு வேகம் வேண்டுமென்றால், பல செயலிகள் முடிந்த ஒலியை எடுத்துச் சிறு துண்டுகளாக்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி நெருக்குகின்றன. இந்த நெருக்கல் எல்லா ஒலிகளையும் ஒரே விகிதத்தில் குறைக்கிறது. 'ர' போன்ற ஒலி ஏற்கெனவே நொடியில் நூறில் இரண்டு மூன்று பங்கு நேரம்தான் நீடிக்கும். அதையும் மூன்றில் ஒன்றாக்கினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

பழைய எந்திரக் குரல்கள் வேறு மாதிரி. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டென்னிஸ் கிளாட் 1970களில் வகுத்த கால அளவு விதி எளிமையானது: ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் இயல்பான நீளமும், அதற்குக் கீழே போகக்கூடாத ஒரு குறைந்தபட்ச நீளமும் உண்டு. வேகம் கூடும்போது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதிதான் சுருங்கும். உயிரொலிகள் நன்றாகச் சுருங்கும். மெய்கள் தங்கள் குறைந்தபட்சத்தை விட்டுத்தராமல் நிற்கும். வேகமாகப் பேசும் மனிதரும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார். ஸ்டீபன் ஹாக்கிங் கடைசிவரை வைத்திருந்த குரல் கிளாட்டின் ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான். இப்படி விதிகளால் ஒலியைக் கணக்கிட்டு உருவாக்கும் இஸ்பீக், எலோக்வென்ஸ் போன்ற குரல்கள் காதுக்குத் தகரம்போல ஒலித்தாலும், வேகத்தில் தெளிவாக நிற்கின்றன. பொத்தானைத் தொட்ட கணமே பேசத் தொடங்குகின்றன. 2022இல் ஆப்பிள் தன் போன் இயங்குதளமான ஐஓஎஸ் 16இல், 1990களின் எலோக்வென்ஸ் குரலைப் புதிதாகச் சேர்த்ததன் காரணம் இதிலிருந்தே விளங்கும்.

புதிய குரல்களின் இன்னொரு குறை எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. நரம்பியல் வலையமைப்புக் குரல்களில் ஒருவகை, உரையின் எந்த இடத்தை இப்போது சொல்ல வேண்டும் என்பதைத் தானே கவனித்துக் கற்றுக்கொள்ளும். கவனம் பிசகினால் ஒரு சொல்லைத் தாண்டிவிடும், அல்லது ஒன்றையே இரண்டு முறை சொல்லும். கால அளவை முன்பே கணித்துக்கொள்ளும் அமைப்புகள் 2019 வாக்கில் வந்து இதைப் பெரிதும் குறைத்தன. ஆனாலும் பிழையின் சுபாவம் மாறிவிட்டது. பழைய குரல் தெரியாத சொல்லைக் கர்ணகடூரமாகச் சொல்லும்; கேட்பவர் உடனே நின்று, எழுத்தெழுத்தாகக் கேட்டுச் சரிபார்ப்பார். புதிய குரல் தப்பையும் அதே சரளத்தோடு சொல்வதால் சந்தேகமே வராது.

சரி, எழுத்தெழுத்தாகக் கேட்கப் போனால் அங்கேயும் தடை. புத்தகத்தை ஒரு பாட்டுப் பதிவுபோல நினைத்துச் செய்த செயலிகளில், 15 நொடி முன்னால், 15 நொடி பின்னால் என்று இரண்டு பொத்தான்கள்தான் இருக்கும். வாசகருக்கு வேண்டியது முந்தைய வாக்கியம், அடுத்த அத்தியாயம், இந்தச் சொல்லின் எழுத்துகள். பாத்திரத்தின் பெயரில் வருவது லகரமா ளகரமா என்று காதால் மட்டும் சொல்ல முடியாது. நகரமா னகரமா என்பதற்கு வாய்ப்பே இல்லை. 1996இல் தொடங்கிய டெய்சி கூட்டமைப்பு உருவாக்கிய பேசும் நூல் தரத்திலேயே தலைப்பு, பக்கம் என்று தாவிப் போகும் ஏற்பாடு உண்டு. பிற்காலத்தில் வந்த பல செயலிகள் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. போதாக்குறைக்குச் செயலியின் குரலும், திரையில் இருப்பதைச் சொல்லும் போனின் திரைவாசிப்பானும் ஒரே நேரத்தில் பேசும். பெயரிடாமல் விட்ட பட்டன்களைத் தடவினால் 'பொத்தான், பொத்தான், பொத்தான்' என்று மட்டும் கேட்கும்.

சில நேரம் தடை தொழில்நுட்பமே இல்லை. 2009இல் அமேசானின் மின்னூல் கருவியான கிண்டில் 2 நூல்களை உரக்க வாசிக்கும் வசதியோடு வந்தபோது, அமெரிக்க எழுத்தாளர் சங்கம் ஒலி உரிமையைச் சொல்லி எதிர்த்தது. எந்த நூலுக்கு வேண்டாமோ அதற்கு உரிமையாளரே வசதியை அணைத்துவிடலாம் என்று அமேசான் இறங்கிவந்தது. 2013இல் ஏற்பட்ட மராகேஷ் உடன்படிக்கை, பார்வையற்றவர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றிப் பகிர உரிமையாளரின் தனி அனுமதி தேவையில்லை என்று வழி திறந்தது. அதை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா.

உச்சரிப்புப் பிழைகளுக்கு வாசகர்கள் தாங்களே வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களில் ஓர் அகராதி உண்டு: இந்தச் சொல்லைக் கண்டால் இப்படிச் சொல் என்று அதில் எழுதி வைக்கலாம். 'கி.மு.' வந்தால் 'கிறிஸ்துவுக்கு முன்' என்று சொல்ல வைப்பதற்கு ஒரு வரி போதும். சிக்கல் என்னவென்றால், இந்த அகராதி அந்த மென்பொருளோடு நின்றுவிடும். போனுக்கோ வேறு செயலிக்கோ மாறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நூலுக்குள்ளேயே உச்சரிப்புப் பட்டியலை வைத்து அனுப்ப, 2011இல் வந்த இபப் 3 என்ற மின்னூல் தரம் இடம் கொடுத்தது. பதிப்பகம் ஒருமுறை சேர்த்துவிட்டால் எல்லா வாசகருக்கும் பயன்படும். அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கும் செயலிகள் மிகக் குறைவு என்பதால் பதிப்பகங்கள் அதைச் சேர்ப்பதில்லை. பதிப்பகங்கள் சேர்ப்பதில்லை என்பதால் செயலிகளும் பார்ப்பதில்லை.