நிறுத்தவும் ஒரு நரம்பு

பாம்பனில் சிங்கி இறாலைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதுகைப் பிடித்துத் தூக்கியதும் வாலைப் படார் படாரென்று மடக்கி அடிக்கும். சட்டென்று அசையாமல் கிடக்கும். திரும்பவும் அடிக்கும். அடிப்பதற்கு நரம்பு வேண்டும் என்பது எளிதாகப் புரிகிறது. அடங்குவதற்கு? கட்டளை நின்றால் தசை தானே தளர்ந்துவிடும் என்றுதான் நினைப்போம். நம் கை கால் தசைகளில் அது சரிதான். சிங்கி இனத்தில் அப்படியில்லை. அதன் பல தசைகளுக்கு 'இழு' என்று சொல்ல ஒரு நரம்பும், 'விடு' என்று சொல்ல வேறொரு நரம்பும் தனித்தனியாக வந்து சேர்கின்றன.

அந்த 'விடு' நரம்பு எந்தச் சரக்கை வைத்து அடக்குகிறது என்று தேடியபோது நம் மூளையின் ரகசியமும் சேர்ந்து வெளிப்பட்டது. 1950-இல் அமெரிக்காவில் யூஜீன் ராபர்ட்ஸ், சுண்டெலி மூளையில் காபா என்ற சிறிய அமினோ அமிலம் ஏராளமாக இருப்பதைக் கண்டார். அது எதற்கு இருக்கிறது என்று அப்போது விளங்கவில்லை. மாட்டு மூளைச் சாற்றை, நன்னீரில் வாழும் சிங்கியின் உறவான கிரேஃபிஷின் நரம்பில் விட்டால் நரம்பு அடங்கிவிடுகிறது என்பதை எர்ன்ஸ்ட் ஃப்ளோரி சில ஆண்டுகள் கழித்துக் கவனித்தார். அடக்கிய பொருள் காபாதான் என்று 1957-இல் அவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். 1966-இல் ஹார்வர்டில் எட்வர்ட் கிராவிட்ஸ் குழு, லாப்ஸ்டரின் 'விடு' நரம்பைத் தூண்டினால் காபா கசிவதையும், 'இழு' நரம்பைத் தூண்டினால் கசியாததையும் அளந்து காட்டியது. (அந்த லாப்ஸ்டருக்குப் பெரிய கொடுக்கு உண்டு. நம் கடல் சிங்கிக்குக் கொடுக்கு கிடையாது, நீளமான முள்மீசைதான்.)

நம் கை கால் தசைகள் வரைக்கும் 'விடு' என்ற கட்டளை வருவதில்லை. அந்த வேலை முழுக்க மூளையிலும் தண்டுவடத்திலும் முடிந்துவிடுகிறது. பெருமூளையின் மேலடுக்கான புறணியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு நரம்புச் செல், காபாவை வெளியிட்டு மற்ற செல்களை அடக்கும் தடுப்புச் செல். மீதி நான்கும் குளுட்டமேட் என்ற வேறொரு பொருளால் தூண்டுபவை. எண்ணிக்கையில் சிறுபான்மை, வகையில் அப்படியில்லை. 2018-இல் அமெரிக்காவின் ஆலன் மூளை ஆராய்ச்சி நிறுவனம், சுண்டெலிப் புறணியின் இரண்டு பகுதிகளில் எந்தச் செல்லில் எந்த மரபணு வேலை செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வகை பிரித்தது. தூண்டும் செல்லில் 56 வகை, தடுப்புச் செல்லில் 61 வகை தேறின.

அடக்குவதற்கு இத்தனை வகை எதற்கு? எந்த இடத்தில் பிடிப்பது என்பதில் இருக்கிறது விஷயம். கூடைச் செல், தூண்டும் செல்லின் உடலையே சுற்றிப் பிடிக்கிறது. சரவிளக்குச் செல், சேதி கிளம்பும் நீண்ட இழையான ஆக்ஸானின் தொடக்கத்தில் போய் உட்கார்கிறது. மார்டினோட்டி செல், சேதி வந்து சேரும் கிளைகளின் நுனியைக் கவனித்துக்கொள்கிறது. நான்காவதாக விஐபி செல் (அது வெளியிடும் ஒரு பொருளின் ஆங்கிலச் சுருக்கம்தான் அந்தப் பெயர்). அது பெரும்பாலும் மற்ற தடுப்புச் செல்களையே அடக்குகிறது. தடுப்பவரைத் தடுத்தால் என்ன ஆகும்? பாதை திறக்கும். சுண்டெலி ஓடத் தொடங்கியதும் பார்வைப் புறணியில் விஐபி செல்கள் விழிக்கின்றன, அதோடு பார்வைச் செல்களின் பதிலும் வலுக்கிறது.

கூடைச் செல்லின் வேலையைக் கரைவலை இழுப்பவர்களிடம் பார்க்கலாம். இரண்டு கயிற்றிலும் ஆட்கள் நின்று அம்பா பாடி இழுக்கும்போது, ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே எல்லாரும் ஒன்றாகக் கை தளர்த்துகிறார்கள். அந்தத் தளர்ச்சி ஒரே நேரத்தில் வராவிட்டால் அடுத்த இழுப்பும் ஒன்றாக வராது. ஒரு கூடைச் செல் அக்கம்பக்கத்துச் செல்கள் பலவற்றை ஒரே கணத்தில் நிறுத்திவிடுவதால், பிடி விட்டதும் அவை சேர்ந்தே கிளம்புகின்றன. விநாடிக்கு 30 முதல் 80 முறை துடிக்கும் காமா அலை மூளையில் இப்படித்தான் எழுகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தச் செல்கள் வந்து சேரும் கதை. பர்மாவுக்கும் இலங்கைக்கும் வளைகுடாவுக்கும் ஆள் போன மாவட்டம் நம் ராமநாதபுரம், அதனாலும் இருக்கலாம். தூண்டும் செல்கள் புறணிக்கு நேர் கீழேயே பிறந்து, நேராக மேலே ஏறி இடம் பிடிக்கின்றன. தடுப்புச் செல்களும் அப்படித்தான் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1997-இல் ஜான் ரூபன்ஸ்டைன் குழு, கருவிலிருக்கும் சுண்டெலியின் மூளைத் துண்டில் அடிப்பகுதியையும் புறணியையும் பிரித்து வைத்து வளர்த்துப் பார்த்தது. புறணியில் காபா செல்கள் வெகுவாகக் குறைந்துபோயின. அவை அங்கே பிறக்கவே இல்லை! மூளையின் அடியில் கருக்காலத்தில் மட்டும் புடைத்திருக்கும் மேடுகளில் பிறந்து, பக்கவாட்டில் நெடுந்தூரம் நகர்ந்து வருகின்றன. எந்த மேட்டில் பிறந்தது என்பதைப் பொறுத்தே வகையும் பெருமளவு அமைகிறது. கூடைச் செல்லும் மார்டினோட்டியும் நடு மேட்டில் பிறந்தவை, விஐபி செல் பின் மேட்டில்.

நகரும் செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் வள்ளத்தைக் கரையேற்றும் காட்சிதான். முன்பக்கம் மெல்லிய கிளை ஒன்று நீள்கிறது. நுனி இரண்டாகப் பிரிந்து இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தடவிப் பார்க்கிறது. ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதைச் சுருக்கிக்கொள்கிறது. அப்புறம் பின்னால் கிடந்த உட்கரு ஒரே தாவலில் முன்னே வந்து விழுகிறது. கொஞ்சம் ஓய்வு, மறுபடியும் கிளை நீட்டல். மனிதக் குழந்தையில் இந்தப் பயணம் பிறப்போடு முடிவதில்லை. நெற்றிப் பக்கத்து மூளையை நோக்கி இந்தச் செல்கள் கூட்டம் கூட்டமாகப் பிறந்த பின்னும் சில மாதங்கள் நகர்ந்துகொண்டிருப்பதை 2016-இல் கண்டறிந்தார்கள். சேலைத் தொட்டிலில் பிள்ளை தூங்கும்போதும் உள்ளே அந்த நடை நடக்கிறது.

வந்தவை எல்லாம் தங்குவதுமில்லை. சுண்டெலியில் ஏறக்குறைய 40 சதவீதம், குட்டி பிறந்த சில நாட்களில் மடிந்துவிடுகின்றன. சுற்றியுள்ள செல்களின் துடிப்போடு ஒட்டிக்கொண்டவை பிழைக்கின்றன.

இன்னொரு வியப்பும் உண்டு. வளரும் மூளையில் தொடக்கத்தில் காபா அடக்குவதில்லை, தூண்டுகிறது! இதை விளங்கிக்கொள்ளப் பாம்பன் கால்வாயே போதும். வாடைக் காலத்தில் நீரோட்டம் வடகடலிலிருந்து தென்கடலுக்குப் பாயும், தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அப்படியே திரும்பும். வாசல் ஒன்றுதான், எந்தப் பக்கம் ஓங்கியிருக்கிறதோ அங்கிருந்து ஓட்டம். காபா திறக்கும் வாசல் வழியே போய்வருவது குளோரைடு, வாலிநோக்கம் உப்பளத்து உப்பில் சோடியத்தோடு ஜோடி சேர்ந்திருக்கும் அதே குளோரைடுதான். இளம் செல்லுக்குள் குளோரைடு மிகுந்திருப்பதால் வாசல் திறந்ததும் வெளியே பாய்கிறது, செல் கிளர்ந்தெழுகிறது. வளர வளர, குளோரைடை வெளியே இறைக்கும் புரதம் செல்லின் சவ்வில் பெருகுகிறது. அதன் பிறகு வாசல் திறந்தால் குளோரைடு உள்ளே வருகிறது, செல் அடங்குகிறது.

இந்த ஏற்பாட்டில் பழுது வந்தால் தெரியும் முகங்களில் ஒன்று வலிப்பு. டிராவெட் நோய்க்குறி என்று ஒன்று. குழந்தைக்கு முதல் வயதிலேயே, பல சமயம் காய்ச்சலோடு, வலிப்பு தொடங்கும். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் ஒரே மரபணுவில் நேர்ந்த பிழை. தடுப்புச் செல்கள், அதிலும் கூடைச் செல்கள், தம் சேதியை அனுப்பப் பெரிதும் நம்பியிருக்கும் சோடியம் வாசல் அதனால் போதுமான அளவு உருவாவதில்லை. நரம்பின் சோடியம் வாசலை மட்டுப்படுத்தும் கார்பமசெபின், பலருக்கு நல்ல வலிப்பு மருந்து. இந்தக் குழந்தைகளுக்கோ அதே மருந்து நோயைக் கூட்டிவிடும். ஏற்கெனவே நலிந்திருக்கும் தடுப்புச் செல்லை அது இன்னும் முடக்குகிறது. எந்தச் செல் பழுது என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

பேருந்து நிலையத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தபோது, நாலு பேர் ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்ததைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனசோடுதான் செய்தார்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கும், பெயர் சாவிக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழைத்துவிட வேண்டும். மருத்துவமனையில் முதலில் போடுவது பெரும்பாலும் லோரசெபாம் அல்லது மிடசோலம். காபா வந்து தட்டும்போது, அந்தக் குளோரைடு வாசலை வழக்கத்தைவிட அடிக்கடி திறக்க வைக்கும் மருந்துகள் அவை.