காசு போனவர் எழுதிய வார்த்தையைத் தேடுங்கள்

எங்கள் தண்டையார்பேட்டையில் போர் தண்ணீர் உப்பு. அதனால் கேன் வாங்காத வீடுகளில் பெரும்பாலும் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெஷின் இருக்கும். கீழ் வீட்டு அக்காவும் போன வருஷம் ஒன்று போட்டார். எட்டாவது மாதம் உள்ளே உப்பை வடிகட்டும் மெம்பிரேன் போய்விட்டது. ஏ.எம்.சி. என்கிற வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் கட்டியிருந்தும், மெம்பிரேன் அதில் சேராது என்று சொல்லித் தனியாக மூவாயிரத்துச் சொச்சம் கேட்டார்கள். "நெட்ல பார்த்துட்டுத்தான் தம்பி போட்டேன், எல்லாரும் நாலரை ஸ்டார் குடுத்திருந்தாங்க" என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. கம்பெனி பெயரைத் தட்டி, பக்கத்தில் ரிவ்யூ என்று தட்டினால் யாருக்கும் அதுதான் வரும்.

ஏன் அதுதான் வருகிறது? நாம் தட்டிய பிறகு தேடுபொறி இணையம் முழுக்க ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. முன்கூட்டியே பக்கங்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்தப் பக்கத்தில், எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கிறது. தடிமனான புத்தகங்களின் கடைசியில் சொல்லும் பக்க எண்ணுமாகப் பட்டியல் இருக்குமே, அதே மாதிரிதான். நாம் தட்டும் சொற்களின் பட்டியல்களை எடுத்து, எல்லாவற்றிலும் இருக்கிற பக்கங்களைப் பொறுக்கி, பிறகு வரிசைப்படுத்துகிறது. இந்த வரிசையில்தான் சிக்கல். 1998-ல் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த, கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் வெளியிட்ட முறையில், ஒரு பக்கத்துக்கு வேறு பக்கங்களிலிருந்து எத்தனை இணைப்புகள் வருகின்றன, அந்தப் பக்கங்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை வைத்து இடம் கிடைக்கும். இன்று அதோடு இன்னும் எத்தனையோ கணக்குகள் சேர்ந்துவிட்டன, ஆனாலும் பலருக்குத் தெரிந்த பக்கம் மேலே வரும் என்கிற அடிப்படை மாறவில்லை. கம்பெனியின் சொந்தத் தளத்துக்கும், கமிஷனுக்காக எழுதப்படும் 'சிறந்த பத்து' பட்டியல்களுக்கும் இணைப்புகள் ஏராளம். கொருக்குப்பேட்டையில் ஏமாந்த ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு ஆத்திரத்தோடு எழுதிய பத்து வரிக்கு யார் இணைப்பு கொடுக்கப் போகிறார்கள்?

அந்தப் பத்து வரியும் தேடுபொறியின் சொல் பட்டியலில் இருக்கலாம், அதை எடுக்கும் சொல்தான் வேறு. காசு போனவர் 'ரிவ்யூ' என்று எழுத மாட்டார். 'போன் எடுக்கவே இல்லை', 'மூன்று தடவை புகார் கொடுத்தும் ஆள் வரவில்லை', 'மெம்பிரேன் சேராது என்கிறார்கள்', 'ரீஃபண்ட் இன்னும் வரவில்லை' என்றுதான் எழுதுவார். நாமும் அதைத்தான் தட்ட வேண்டும், தமிழிலும், ஆங்கிலத்திலும், ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழிலும். இது ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

மீதிக்குச் சில குறிகள் இருக்கின்றன. இப்போதைய தேடுபொறிகள் நம் சொல்லை அப்படியே எடுப்பதில்லை, பொருள் பார்த்து நெருக்கமான சொற்களையும் கலந்துவிடும். சாதாரணத் தேடலுக்கு அது நல்லதுதான், புகார் தேடும்போது இடைஞ்சல். அதனால் முக்கியமான சொற்றொடரை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். சொற்கள் எத்தனையாவது இடம் என்பது வரை குறிப்பு இருப்பதால், அவை அதே வரிசையில் ஒட்டி வரும் பக்கங்களைப் பொறுக்கத் தேடுபொறியால் முடியும். அடுத்தது கழித்தல் குறி. அதை ஒட்டி, இடைவெளி விடாமல், சைட் என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, கம்பெனியின் இணைய முகவரி என்று தட்டினால் அந்தத் தளம் மொத்தமும் விலகிவிடும். கூகுளில் ஆஃப்டர் என்று ஆங்கிலத்தில் தட்டி முக்காற்புள்ளி போட்டு ஆண்டைச் சேர்த்தால் அதற்குப் பிந்தையவை மட்டும் வரும். சர்வீஸ் ஏஜென்சிகள் அடிக்கடி கைமாறுகிற ஊரில் ஐந்து வருஷத்துக்கு முந்தைய புகாரும் பாராட்டும் பெரிதாக உதவாது.

நம் பகுதிக்கு இன்னொரு தொல்லை, ஊர்ப்பெயரின் ஸ்பெல்லிங். தண்டையார்பேட்டையை ஆங்கிலத்தில் டோண்டியார்பெட் என்று எழுதுகிறவர்களும் உண்டு, தண்டையார்பேட்டை என்றே எழுத்துக்கூட்டி எழுதுகிறவர்களும் உண்டு. வண்ணாரப்பேட்டை பாதிப் பேருக்கு வாஷர்மென்பேட். இரண்டையும் தட்டி நடுவில் 'அல்லது' என்று பொருள்படும் ஆர் என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டால் ஏதாவது ஒன்று இருந்தாலும் வரும். 600081, 600021 என்று பின்கோடையும் சேர்த்துப் பாருங்கள். ஏரியா முக்கியம், ஏனென்றால் மெஷின் எங்கே செய்யப்பட்டாலும் வீட்டுக்கு வந்து ஸ்க்ரூ திருப்புகிறவர் உள்ளூர் ஏஜென்சி ஆள்.

அப்புறம் அந்த நாலரை ஸ்டார். மெஷினை மாட்டி முடித்ததும் டெக்னீஷியன் பக்கத்திலேயே நின்று "அஞ்சு ஸ்டார் போட்டுடுங்கக்கா" என்று கேட்டிருக்கிறார், அக்காவும் போட்டிருக்கிறார். அது மாட்டிய நாளின் மதிப்பெண், எட்டாவது மாதத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. கடைகளுக்கும் ஏஜென்சிகளுக்கும் கூகுள் மேப்பில் இருக்கும் கருத்துகளைக் குறைந்த மதிப்பெண் முதலில், அல்லது புதியது முதலில் என்று மாற்றலாம், அவற்றுக்குள்ளேயே சொல் போட்டும் தேடலாம். ஏ.எம்.சி., மெம்பிரேன் என்று போட்டால் மாட்டிய நாளின் நன்றிகள் ஒதுங்கி, மாதங்கள் கழித்து எழுதியவர்கள் மேலே வருவார்கள்.

வருகிற புகார் எல்லாம் உண்மையா? போட்டிக் கடைக்காரரும் எழுதலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2011-ல் சிகாகோ ஹோட்டல்களைப் புகழ்ந்து எழுதிய 400 உண்மையான கருத்துகளையும் காசு கொடுத்து எழுத வைத்த 400 பொய்யான கருத்துகளையும் கலந்து வைத்துப் பார்த்தார்கள். அவற்றைப் படித்துப் பார்த்த மனிதர்களின் கணிப்பு நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடப் பெரிதாக மேலாக இல்லை, கணினி கிட்டத்தட்ட 90 சதவீதம் சரியாகப் பிரித்தது. உண்மையில் தங்கியவர்கள் அறை, குளியலறை, அதன் அளவு என்று இடத்தைப் பற்றிப் பேசினார்கள். பொய் எழுதியவர்கள் யாரோடு போனோம், எதற்காகப் போனோம் என்று தங்களைப் பற்றியே பேசினார்கள். 2013-ல் அதே குழு திட்டி எழுதியவற்றையும் ஆராய்ந்தது. பொய்த் திட்டில் மோசம், ஏமாற்றம் மாதிரியான உணர்ச்சிச் சொற்கள் அளவுக்கு மீறி இருந்தன. ஆகவே "திருடர்கள், யாரும் வாங்காதீர்கள்" என்று மட்டும் இருப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. மாடல், மாதம், கேட்ட தொகை, எத்தனை முறை போன் செய்தார் என்பதெல்லாம் இருந்தால் நின்று படிப்பேன். பெரிய கம்பெனிக்கு நிறையப் புகார் இருக்கத்தான் செய்யும், ஒருவரை ஒருவர் அறியாத நான்கு பேர் வெவ்வேறு மாதங்களில் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்களா என்பதுதான் என் கேள்வி.

இருதரப்பும் பேசிய புகார் வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையங்களின் உத்தரவுகளைத் தேடலாம். அங்கே பிராண்ட் பெயர் உதவாமல் போகலாம். பில்லில் பொடி எழுத்தில் இருக்கும் பிரைவேட் லிமிடெட் பெயரை மேற்கோளுக்குள் போட்டு, பக்கத்தில் சேவைக் குறைபாடு என்பதற்கான 'டெஃபிஷியன்சி இன் சர்வீஸ்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேருங்கள். வக்கீல்கள் எழுதும் வார்த்தை அதுதான்.

ஒரு விஷயத்தில் தயவுசெய்து கவனமாக இருங்கள். இப்படித் தேடும்போது கஸ்டமர் கேர் என்று போன் நம்பர்களும் வரும், அவற்றில் மோசடிக்காரர்கள் போட்டு வைத்தவையும் உண்டு. நம்பரை பில்லிலிருந்தோ மெஷின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலிருந்தோ மட்டும் எடுங்கள். புகார் கொடுக்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஆன்லைன் மோசடியில் பணமே பறிபோய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

அக்காவும் நானும் அரை மணி நேரம் உட்கார்ந்து தேடினோம். அதே மெம்பிரேன் கதை மூன்று பேருக்கு நடந்திருந்தது, ஒருவர் ராயபுரம். அக்கா ஏ.எம்.சி.யைப் புதுப்பிக்கவில்லை, 1915-ல் புகார் பதிந்தார். அப்புறம் தான் கொடுத்த அஞ்சு ஸ்டாரை மாற்றி, மாடல் பெயர், மாட்டிய தேதி, கேட்ட தொகை எல்லாம் போட்டு எழுதினார். தண்டையார்பேட்டையை இரண்டு ஸ்பெல்லிங்கிலும் எழுதச் சொன்னேன்.