பொருத்தச் சோதனை: ‘செம்மை’ எதற்கு?

கண்ட எண்ணிக்கைகள் எதிர்பார்த்தவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் புள்ளியியல் சோதனைக்குக் ‘குட்னஸ் ஆஃப் ஃபிட்’ என்று பெயர். அதைப் ‘பொருத்துதலின் செம்மை’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் செம்மை என்றதும் குறையே இல்லாத நேர்த்தி கண்முன் வந்துவிடுகிறது. இந்தச் சோதனை கணக்கிடுவதோ பொருந்தாமையை.

‘பொருத்தம்’ நமக்குப் பழகிய சொல். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள்கூடப் பத்தும் அமைய வேண்டும் என்று அடம்பிடிப்பதில்லை. இதற்குமேல் குறைந்தால் வேண்டாம் என்று ஓர் எல்லை வைத்துக்கொள்வார்கள். புள்ளியியலிலும் அப்படித்தான்.

1900-இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் இந்தச் சோதனையை வகுத்தபோது, விலங்கியலாளர் வெல்டன் உருட்டிய பகடைகளை எடுத்துக்கொண்டார். 12 பகடைகள், 26,306 முறை. ஐந்தோ ஆறோ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,05,224 தடவை விழ வேண்டும். விழுந்தது 1,06,602. (உருட்டிய பொறுமைக்கே ஒரு கும்பிடு!) மிகுதி தற்செயலா, பகடையே கோணலா? தற்செயல் என்று சொல்ல முடியாது என்றது பியர்சனின் கணக்கு.

வழி எளிது. ஒவ்வொரு வகையிலும் கண்ட எண்ணிக்கைக்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வேறுபாட்டை இருபடியாக்கி, எதிர்பார்த்த எண்ணிக்கையால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். மரபியலின் முன்னோடி மெண்டலின் பட்டாணிச் சோதனையில் உருண்டை விதை 5,474, சுருங்கியது 1,850. 3:1 என்ற விகிதப்படி வர வேண்டியவை 5,493, 1,831. இரண்டிலும் வேறுபாடு 19தான், கூட்டினால் 0.26. இரண்டே வகை உள்ள இடத்தில், 5% மட்டத்துக்கு (விகிதம் சரியாக இருந்தும் தற்செயலாகவே எல்லையைத் தாண்டும் வாய்ப்பு 5%) எல்லை 3.84. ஆகவே விகிதத்தை மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. விகிதம் நிரூபணமாகிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. தேர்வில் பலர் சறுக்குவது இங்கேதான்.

‘செம்மை’ என்ற சொல் முழுசாகக் கவிழ்வது 1936-இல். மெண்டலின் சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த புள்ளியியலாளர் ஃபிஷர், எதிர்பார்ப்போடு அவை அளவுக்குமீறி ஒத்துப்போகின்றனவே என்று ஐயம் எழுப்பினார். செம்மை கூடியதே குற்றமாயிற்று!

அதனால் ‘பொருத்தச் சோதனை’ என்றாலே போதும் என்பது என் கருத்து. எந்தப் பரவலோடு (டிஸ்ட்ரிப்யூஷன்) ஒப்பிடுகிறோமோ அதன் பெயரையும் சேர்த்து ‘இயல்நிலைப் பரவலுக்கான பொருத்தச் சோதனை’ என்று எழுதலாம். இலங்கை வழக்கில் பரவல் ‘பரம்பல்’ ஆகும்.

மேலே கூட்டி எடுத்த அளவின் பெயரான ‘கை வர்க்கம்’ (கை-ஸ்கொயர்) தனிச் சிக்கல். இந்தக் ‘கை’ கிரேக்க எழுத்தொன்றின் ஆங்கில உச்சரிப்பு. நம் கையோடு தொடர்பில்லாதது. நான் ‘கை-இருபடி’ என்று நடுவில் கோடு போட்டே எழுதுகிறேன்.