காதுக் கூச்சமும் மெதுவான ப்ளூஸும்

தைப்பூசம் நெருங்கினால் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் உருமி மேளக் குழுக்கள் பயிற்சியில் இறங்கிவிடும். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) முதல் அடி விழுந்ததுமே என் தங்கை மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடுவான். எட்டு வயது. குக்கர் விசில், புல் வெட்டும் மெஷின், கோப்பிக்கடையில் தட்டில் விழும் கரண்டி, எல்லாமே அவன் காதில் ஊசியாகக் குத்தும்.

"இவன் படுக்கும்போது போட மெதுவா ஏதாவது பாட்டு சொல்லுங்கண்ணே" என்றாள் தங்கை. கித்தார் வாசிக்கிற ஆள் என்ற மிதப்பில் நான் ஒரு மெதுவான ப்ளூஸைப் போட்டேன்; அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த இசை வகை அது. மூன்று நிமிடம் பையன் அசையாமல் கேட்டான். நான்காவது நிமிடத்தில் கித்தார் ஓலமிட்டது. பையன் கட்டிலை விட்டுக் குதித்தான்.

தங்கை பார்த்த பார்வை கிடக்கட்டும். நான் தாளத்தின் வேகத்தைப் பார்த்து நிதானமான பாட்டு என்று முடிவு கட்டியிருந்தேன். காதுக்கு அது இரண்டாம்பட்சம். ஒவ்வொரு ஒலியும் எவ்வளவு சடாரென்று மேலே ஏறுகிறது, ஏறப்போவது முன்கூட்டியே தெரிகிறதா, இந்த இரண்டும்தான் அதற்குப் பெரிய விஷயம்.

நம் நடுக்காதில் ஒரு குட்டித் தசை இருக்கிறது. நீளம் சுமார் 6 மில்லிமீட்டர். உடம்பில் எலும்போடு ஒட்டிய தசைகளில் இதுதான் ஆகச் சிறியது. பலத்த சத்தம் வந்தால் இது அங்கவடி எலும்பை இழுத்துப் பிடித்து, உள்ளே போகும் ஒலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். ஆனால் இறுகி முடிக்க நூறு மில்லிவினாடிகூட ஆகலாம். டிரம்மில் விழும் அடி சில மில்லிவினாடிகளில் உச்சிக்குப் போய்விடும். காவல்காரன் எழுந்து கதவைச் சாத்துவதற்குள் திருடன் உள்ளே. அப்படியே சாத்தினாலும் அவன் தடுப்பது பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகளை. கீச்சிடும் ஒலிகள் அவனைத் தாண்டிப் போய்விடும். இந்தத் தசையை இயக்குவது முக நரம்பு. அதனால்தான் முகவாதம் வந்தவர்களில் சிலருக்கு அந்தப் பக்கக் காதில் சாதாரணச் சத்தமும் பெரிதாக மோதும்.

இப்போது கித்தாருக்கு வருவோம். அதன் மெல்லிய கம்பியில் மேலே போகப் போக சுரம் சுமார் 1000 ஹெர்ட்ஸை எட்டும். அதோடு சேர்ந்தே ஒலிக்கும் மேல்சுரங்கள் 2000, 3000 என்று அடுக்கிக்கொண்டு போகும். நம் காதுக் குழாயோ இரண்டரை சென்டிமீட்டர் நீளம். ஒரு முனை மூடிய புல்லாங்குழல் மாதிரி அது 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைத் தானாகவே பத்து டெசிபலுக்கு மேல் தூக்கிக்கொடுக்கும். கித்தார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர்களும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் துருத்திக்கொண்டு ஒலிக்கும். ப்ளூஸ் கித்தார் அழும்போது நமக்கு நெஞ்சு உருகுவதற்கும் பையனுக்குக் காது எரிவதற்கும் காரணம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதற்காக இந்த இசையைத் தள்ளிவைக்கவும் எனக்கு மனம் வரவில்லை. ப்ளூஸ் கித்தார் மேதை பி.பி. கிங் 1925இல் மிசிசிப்பி பருத்தித் தோட்டத்தில் பிறந்தவர். பஞ்சு பறித்தார், டிராக்டர் ஓட்டினார். பால்மரக் காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) வெட்டு வெட்டியவர்களின் பேரன்கள் நாங்கள், தோட்டத்துப் பாட்டு எங்களுக்கு அந்நியமா என்ன? இரும்பையோ கண்ணாடியையோ கம்பியில் இழுத்து வாசிக்கும் ஓசையை விரலாலேயே கொண்டுவரப் பார்த்ததில்தான் அவருடைய அந்த நடுங்கும் சுரம் பிறந்தது. சுரத்திலிருந்து சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிப் போவது. நம் உருமியில் வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது "ஊம்" என்று ஒரு முனகல் வருமே, அதே குடும்பம். பையனை விரட்டுவது அந்த முனகல் இல்லை. பக்கத்தில் மற்ற மேளங்கள் போடும் அடி.

காது கூசுகிறவர்களுக்கு ப்ளூஸ் செய்யும் பெரிய உபகாரம் அதன் சட்டகம். பன்னிரண்டு தாளப் பகுதி, பகுதிக்கு நான்கு அடி, இது ஒரு சுற்று. நிமிடத்துக்கு 60 அடி என்றால் ஒரு சுற்று 48 வினாடி. முதல் வரி ஒன்று, பெரும்பாலும் அதுவே இரண்டாம் முறை, அப்புறம் பதில் வரி. இரண்டு சுற்று கேட்டால் மூன்றாவதில் என்ன வரும் என்று மூளைக்குத் தெரிந்துவிடும். எதிர்பார்த்த சத்தம் திடுக்கிடும் சத்தத்தைவிடக் குறைவாகவே உலுக்கும். இன்னொன்றும் உண்டு: பெரிய ஒலிக்குச் சற்று முன்னால், ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு முந்தி, சின்னதாக ஓர் ஒலி வந்தால் உடம்பு திடுக்கிடுவது குறைகிறது. மெதுவான ப்ளூஸில் ஒவ்வோர் அடியையும் மூன்றாகப் பிரித்து சிம்பலில் தட்டிக்கொண்டே வருவார்கள். கனமான அடிக்கு அதுவும் ஒரு முன்னறிவிப்பாக உதவலாம் என்பது என் ஊகம்.

ஆர்கன் சேர்ந்த ப்ளூஸ் இன்னும் நல்லது. சுருதிப்பெட்டி போல ஆர்கன் பின்னால் நின்றுகொண்டே இருந்தால் இடைவெளி வெறுமையாக இராது. வெறுமைதான் கெடுதல். நிசப்தத்திலிருந்து கிளம்பும் ஒலி எப்போதும் பெரிதாகத் தெரியும். நாள் முழுக்கக் காதை அடைத்துக்கொண்டிருப்பதும் இதே சங்கடம்தான். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் இரண்டு வாரம் காதடைப்பான் போட்டிருந்தவர்களுக்குச் சத்தம் முன்பைவிடப் பெரிதாகக் கேட்டது. அதே காலம் மெல்லிய இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தாங்கும் அளவு கூடியிருந்தது. ஒலி குறைந்தால் மூளை தன் பெருக்கியைத் திருகிக் கூட்டிக்கொள்கிறது என்று இதற்கு விளக்கம் சொல்கிறார்கள்.

நான் செய்த தவறு இங்கேதான் ஒளிந்திருந்தது. பாட்டு முணுமுணுப்பாகத் தொடங்கியது, சரியாகக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினேன். உச்சக்கட்டம் தொடக்கத்தைவிட 20 டெசிபல் கூடுதலாக இருந்தால் ஆற்றலில் அது நூறு மடங்கு. காதுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும். இப்போதெல்லாம் பாட்டின் ஆக உரத்த இடத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, அதற்குத் தக்கபடி சத்தத்தை வைத்துவிட்டுத்தான் தொடக்கத்துக்குத் திரும்புகிறேன். மேடையில் பதிவானதைத் தொடுவதே இல்லை. கித்தாரைவிட அதில் வரும் கைத்தட்டலும் சீட்டியும் கொடூரம். மவுத் ஆர்கன் உள்ள பாட்டு எனக்கு உயிர், பையனுக்கு ஆகாது.

வேறொரு வகைக் கூச்சம் உள்ளவர்களும் உண்டு. அவர்களுக்குச் சத்தத்தின் அளவு பொருட்டே இல்லை. மெல்லும் ஒலி, உறிஞ்சும் ஒலி, மூச்சிழுப்பு போன்ற குறிப்பிட்ட ஓசைகள் கேட்டாலே ஆத்திரம் பொங்கும். மெதுவான ப்ளூஸ் அவர்களுக்குச் சோதனைதான். பாடகர் மைக்கை உதட்டோடு வைத்துப் பாடுவார், இடையில் நிறைய வெளி, மூச்சும் எச்சில் ஒலியும் கம்பியில் விரல் கிறீச்சிடுவதும் பளிச்சென்று கேட்கும். வேகப் பாட்டில் இதெல்லாம் அமுங்கிப் போயிருக்கும். காதில் வலியே வருகிறது, அல்லது திடீரென்று இப்படி ஆரம்பித்தது என்றால் பாட்டுத் தேடுவதை விட்டுவிட்டுக் காது மருத்துவரைப் பார்ப்பதுதான் முறை.

போன வாரம் அதே பாட்டை, மேடைப் பதிவு இல்லாமல் ஸ்டூடியோவில் பதிந்ததை, பகல் நேரத்தில் பழைய ஸ்பீக்கரில் போட்டேன். சத்தக் குமிழைப் பையன் கையிலேயே கொடுத்துவிட்டேன். கட்டுப்பாடு தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தால் சத்தத்தின் தொந்தரவு குறையும் என்பது உளவியலில் பழைய செய்தி. முதல் சுற்றில் குமிழைப் பிடித்தபடியே இருந்தான். மூன்றாவது சுற்றில், பதில் வரி முடிந்து கித்தார் எழும்பப் போகிற இடத்துக்கு ஒரு நொடி முன்னால், லேசாக இடப்பக்கம் திருகினான். "இப்ப கத்தும் மாமா" என்றான்.