தெரிந்தவர்களுக்கு வரைந்து கொடுக்கும் முன்

குன்னூர், கோத்தகிரி பக்கம் தனியாகத் தொழில் செய்யும் பெண்கள் இப்போது நிறையப் பேர். தேயிலைப் பாக்கெட்டுக்கு ஓவியம் வரைபவர், கஃபே சுவரில் வண்ணம் தீட்டுபவர், சீசனில் ரிசார்ட்டில் கிட்டாரோடு பாடுபவர், படுக மொழியில் பாட்டெழுதித் தானே மெட்டும் போடுபவர். வழக்கறிஞரான என்னிடம் இவர்கள் வருவது பெரும்பாலும் விஷயம் கைமீறிய பிறகுதான். ஒப்பந்தம் எழுதி வாங்கினீர்களா என்று கேட்டால் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "தெரிஞ்சவங்க மேடம், எப்படிக் கேக்கிறது?"

மலையில் இது நிஜமான சிக்கல். ஊர் சின்னது. ஹோம்ஸ்டே நடத்துபவர் அப்பாவின் நண்பர், கஃபே வைத்திருப்பவள் கூடப் படித்தவள், ஒரு காகிதத்தை நீட்டினால் சந்தேகப்படுகிறோம் என்று ஆகிவிடும், அதுவும் கேட்பது இளம்பெண் என்றால் "அதுக்குள்ள இவ்வளவு கணக்கா?" என்று பேச்சு வரும். அதையே ஒரு ஆண் கேட்டால் தொழில் தெரிந்தவர் என்பார்கள்.

முதலில், காப்பிரைட் என்பது பதிவு செய்தால்தான் வரும் என்ற எண்ணத்தை விடுங்கள். வரைந்து முடித்ததுமே அது உங்களுடையது. பதிவு பின்னால் சாட்சிக்கு உதவும், அவ்வளவுதான். காசு வாங்கியதால் உரிமையும் போய்விட்டது என்று நினைப்பவர்களும் அதிகம். சம்பளத்துக்கு வேலை பார்த்துச் செய்தது முதலாளிக்குப் போகும், சரி. தனியாகத் தொழில் செய்கிற நீங்கள் போட்ட லோகோ, கையெழுத்திட்டு எழுதிக் கொடுக்காதவரை உங்களிடமே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டத்தின் 19-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எழுதிக் கொடுத்தாலும் எத்தனை வருடம் என்று குறிப்பிடவில்லையென்றால் 5 வருடம்தான், எங்கெங்கே என்று குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். என் கட்சிக்காரர் ஒருவர் தேயிலைப் பெட்டிக்கு வரைந்த காட்டெருமை, அவரைக் கேட்காமலே டீ-ஷர்ட், கப், காலண்டர் என்று போய்விட்டது. அவர் கொடுத்த பில்லில் "பெட்டிக்கான ஓவியம்" என்று எழுதியிருந்தார், எங்கள் நோட்டீஸ் முழுக்க நின்றது அந்த இரண்டு வார்த்தையில்தான்.

சுவர் ஓவியம் போல வண்ணம் தீட்டிச் செய்பவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பெயிண்டிங், போர்ட்ரெய்ட், போட்டோ இவற்றை ஒருவர் காசு கொடுத்துச் செய்யச் சொன்னால், வேறுவிதமாகப் பேசி வைக்காதவரை முதல் உரிமையாளர் அவர்தான். ஆக, அதே கஃபேக்கு நீங்கள் போட்ட லோகோ உங்களுடையது, சுவரில் தீட்டியது அவருடையது! எனக்கே இது விசித்திரமாகத்தான் படுகிறது. ஆனால் உரிமை கைமாறினாலும் வரைந்தவர் நான்தான் என்று சொல்லிக்கொள்வதையும், படைப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் தட்டிக் கேட்பதையும் 57-வது பிரிவு உங்களிடமே விட்டுவைத்திருக்கிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தைப் பெயர்த்துப் போட்டதற்காக அமர்நாத் சேகல் மத்திய அரசோடு வழக்காடி, 2005-ல் சிற்பத்தின் மிச்சத்தோடு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தீர்ப்பாக வாங்கினார்.

துணி, கப் மாதிரிப் பொருளுக்கென்றே டிசைன் போடுபவர்களின் கதை வேறு. அதைப் பதிவு செய்யாமல் இயந்திரத்தில் 50 பிரதிக்கு மேல் போட்டுவிட்டால் காப்பிரைட் போய்விடும். 2000-ஆம் ஆண்டு டிசைன்ஸ் சட்டத்தில் பதிவு செய்யுங்கள், இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன்பே.

பாட்டில் இன்னும் குழப்பம். ஒலிப்பதிவின் உரிமை பாடியவருக்கு அல்ல, ஏற்பாடும் பொறுப்பும் யாருடையதோ அந்தத் தயாரிப்பாளருக்கு. ஸ்டூடியோவுக்கு நீங்களே காசு கட்டிவிட்டு, "நம்ம பொண்ணுதானே, பில் எதுக்கு" என்ற பெருந்தன்மைக்குத் தலையாட்டினால், கொஞ்ச நாளில் அந்தப் பாட்டு ஸ்டூடியோக்காரரின் யூடியூப் சேனலில் அவர் பெயரோடு நிற்கும். நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். பாட்டெழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் காப்பிரைட் சட்டத்தின் 2012 திருத்தம் ஒரு பிடிமானம் கொடுத்திருக்கிறது: ராயல்டியில் சமபங்கைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. அதை வசூலிக்க, பாட்டெழுதுபவர்கள், இசையமைப்பவர்களுக்கான ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகிக்கொள்ளுங்கள்.

பணம் இழுத்தடிப்பவர்களுக்கு உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில் செய்பவராக அரசிடம் பதிந்துகொள்வது, நல்ல மருந்து. ஆன்லைனில் இலவசம். சிறுதொழில் சட்டப்படி எழுதிப் பேசினாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது, தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. ஆனால் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு இருக்க வேண்டும், பின்னால் ஓடிப்போய்ச் செய்தால் தகராறுதான்.

ஒரு தவறு நம் பக்கமும் இருக்கிறது. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணிப் போடும் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கட்டங்களை மெஷினில் அச்சடித்துத் தோடா என்று விற்பது வம்பு. தன் பெயர் போடவில்லை என்று என்னிடம் கொதித்த டிசைனர் ஒருவரின் சொந்தப் பக்கத்தில், தையல் போட்டுக் கொடுத்த அக்காக்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. சொன்னேன், முகம் சுருங்கியது, அப்புறம் சேர்த்தார்.

சென்னைக் கம்பெனி உங்கள் படத்தை எடுத்துக்கொண்டால் சென்னைக்கு அலைய வேண்டும் என்று பயப்படாதீர்கள். காப்பிரைட் சட்டத்தின் 62-வது பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது உதகை மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்.

காகிதம் நீட்டத் தயங்குபவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான்: "வணக்கம் அண்ணா. இந்த ஓவியம் உங்கள் தேயிலைப் பெட்டிக்கு மட்டும், 3 வருடத்துக்கு. வேறு எதிலாவது போடுவதானால் தனியாகப் பேசிக்கொள்வோம். பாதி முன்பணம், மீதி படம் கொடுத்த 15 நாளில். பெட்டியில் என் பெயர் வரணும். சரி என்று பதில் போட்டால் வரைய ஆரம்பிக்கிறேன்." ஈமெயிலில் அனுப்பினால் நல்லது. வாட்ஸ்அப் என்றால் போன் மாற்றும்போது பேக்கப் எடுத்து வையுங்கள். இரண்டில் எதைக் கோர்ட்டில் காட்டினாலும் ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.