படுத்தால் உள்ளே போய்விடும் வீக்கம்

தொடை இடுக்கில் ஒரு வீக்கம். நின்றால் தெரியும், இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். அப்படிப் போய்விடுவதால்தான் பலர் வருடக்கணக்கில் யாரிடமும் சொல்வதில்லை, போதாக்குறைக்கு அது காட்டக் கூச்சப்படும் இடம் வேறு. வேலூர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்கள், ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளில் ஈரத்தோல் சுமப்பவர்கள் என நான் பார்ப்பவர்களில் பலர் வீட்டுக்காரம்மா வற்புறுத்திக் கூட்டி வந்த பிறகுதான் வாயே திறப்பார்கள்.

இது கட்டியல்ல, குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. கருவில் இருக்கும்போது விரை வயிற்றிலிருந்து கீழே இறங்கிய பாதை அங்கேதான் இருக்கிறது, அதனால் ஆண்களுக்கு அந்த இடம் இயல்பிலேயே பலவீனம். வயிற்றுக்குள் அழுத்தம் கூடும்போது குடலோ கொழுப்போ அதன் வழியே வெளியே தள்ளும். சுமை மட்டும் காரணமில்லை. பீடி இருமல், மலச்சிக்கல், புராஸ்டேட் சுரப்பி வீங்கி முக்கி முக்கிச் சிறுநீர் போவது, இவற்றையும் கேட்டுச் சரிசெய்ய வேண்டும்.

பெல்ட், எண்ணெய், மாத்திரை எதுவும் அந்த ஓட்டையை அடைக்காது, அறுவை சிகிச்சைதான் வழி. ஆனால் எல்லோருக்கும் உடனே தேவையில்லை. வலியில்லாத சின்ன வீக்கம் உள்ள ஆண்கள், மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் சொன்னால் காத்திருக்கலாம் (பெரும்பாலானோர் 10 வருடத்துக்குள் வலி கூடி எப்படியும் அறுவை சிகிச்சைக்கு வந்துவிடுகிறார்கள்). பெண்களும் குழந்தைகளும் தள்ளிப்போடக் கூடாது. பெண்களுக்குச் சற்றுக் கீழே தொடைப் பக்கம் இறங்கும் வகையும் வரும், அது சுலபமாகச் சிக்கிக்கொள்ளும். அழும்போது குழந்தைக்கு அந்த இடத்தில் புடைத்தால், வளர வளரச் சரியாகும் என்று இருந்துவிடாதீர்கள், ஆகாது.

வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் திடீரென்று போகாமல் இறுகி, வலித்து, வாந்தியும் வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் குடல் சிக்கிக்கொண்டது என்று பொருள். ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கிவிடும். அழுத்தித் தள்ள வேண்டாம், வாயுப் பிடிப்பு என்று சோடா கொடுத்து விடியட்டும் என்று உட்கார வேண்டாம், சாப்பிட எதுவும் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பீஞ்சமந்தை மாதிரி மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வரவே நேரமாகும் என்பதால், அங்கே இருப்பவர்களிடம் காத்திருக்கலாம் என்று நான் சொல்வதில்லை, முன்கூட்டியே செய்துகொள்ளச் சொல்கிறேன்.

வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலேயே காட்டலாம். திட்டமிட்டுச் செய்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம், ஆனால் 4 முதல் 6 வாரம் மூட்டை தூக்கக் கூடாது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு உண்மையான செலவு அதுதான், ஆகவே வேலை குறைவான மாதமாகப் பார்த்து மருத்துவரிடம் தேதி கேளுங்கள்.